சூதுச் சருக்கம்

லூனாசிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர்.
செம்பனைக்கு நடுவே அம்மன் கோயில்.
கூரைத் தகரம் புதுசு,
நிலம்தான் யாருடையது என்று தெரியவில்லை.

நான் மைக்செட்காரன்.
இரண்டு ஒலிபெருக்கி, ஓட்டை வேன்,
ஓர் இரவுக்கு நூற்றைம்பது வெள்ளி.
பாங்கு கேட்டால் சத்தத்தைக் குறைப்பேன்,
முடிந்ததும் கூட்டுவேன்.
கதையில் எனக்கு வேறு வேலை இல்லை.

பதினெட்டு நாள் படித்த பாரதம்
பத்தாகி, ஐந்தாகி,
இந்த வருஷம் மூன்று.
படிப்பவர் நவநீதன், பகலில் கிராப் ஓட்டுகிறார்.
கைப்பேசியில் பாட்டு.
விரலால் தள்ளித் தள்ளிக்
காட்டையும் நாட்டையும் கடப்பார்.
நடுவில் யாராவது அழைத்தால்
போர்க்களத்தின் மேல்
ஒரு பச்சை வட்டம் துடிக்கும்.

முதல் நாள்
பிறப்பு, மணம், அரக்கு மாளிகை
எல்லாம் ஒரே மூச்சில்.
மழை. பதினோரு பேர். ஒரு நாய்.

இரண்டாம் நாள் சூது என்றதும்
எங்கிருந்தோ வந்தது கூட்டம்.
நமக்குத் தெரிந்த சருக்கம்.
நாலு நம்பர் எடுக்காத வீடு
இந்த லயத்தில் எது?

காய் உருண்டது.
தேர் போயிற்று, யானை, நாடு, தம்பிமார்.
பிறகு தன்னையே வைத்துத் தோற்றான் மூத்தவன்.
பிறகு அவளை.

நவநீதன் தண்ணீர் குடித்தார்.
சபைக்குள் இழுத்து வரப்பட்டவள்
விரித்த கூந்தலோடு கேட்டதைப் படித்தார்:
தன்னைத் தோற்ற பிறகா என்னை வைத்தார்?

அப்போது எழுந்தாள் செங்கமலம்.
மஞ்சள் சேலை, காப்புக் கட்டிய கை.
கையுறை ஆலையில் இரவு வேலை,
மூன்று நாள் சம்பளமில்லா லீவு.

"சரி, அதுக்கு என்ன பதில்?"

யாரோ சிரித்தார்கள்.

"கோர்ட்ல நானும் அதைத்தான் கேட்டேன்.
கம்பெனி முதல்ல தன்னையே வித்துச்சு.
வித்த பிறகு
எங்களைக் காலி பண்ணச் சொல்லிக் கையெழுத்து.
இல்லாத கை எப்படிப் போடும் கையெழுத்து?
வக்கீல் பேப்பரைத் திருப்பினாரு.
நம்ம தலைவரு செருப்பைப் பார்த்தாரு."

தலைவர் இப்போதும் அதையே பார்த்தார்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை.
வயரை இழுத்துக்கொண்டு போனேன்,
நாற்காலிக் காலில் சிக்கியது, இழுத்தேன்.
மைக்கை அவளிடம் நீட்டி
சத்தத்தைக் கூட்டினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
மறுபடி கேட்டாள்.
கேள்வி செம்பனையைத் தாண்டி,
வங்காளத் தொழிலாளர் கொங்சியைத் தாண்டி,
பெரிய ரோட்டுக்குப் போயிற்று.

நவநீதன் மேலே தள்ளிப் பார்த்தார், கீழே.
"இதுல பதில் இல்லைம்மா.
அறம் நுட்பமானதுன்னு பெரியவர் சொல்றாரு,
அவ்வளவுதான்.
அடுத்த பாட்டுல சேலை வளருது."

"சேலையைப் பிறகு கேட்டா.
முதல்ல கேட்டது பதில்."

வடமொழியில் பிறந்த கேள்வி.
நம் ஊர்க் கூத்தில் கூந்தல் விரித்து,
கப்பலின் அடித்தளத்தில்
வாந்திக்கும் காய்ச்சலுக்கும் நடுவே கிடந்து,
பால்மரக் காட்டில் அம்மனாகி உட்கார்ந்தது.
ஏடு கொண்டுவரக் கையில்லாதவர்கள்
இதை மட்டும் வாயில் கொண்டுவந்தார்கள்.
பதிலை யாரும் ஏற்றி அனுப்பவில்லை.
இருந்திருந்தால்
எப்போதோ படித்து மூடியிருப்போம்,
குண்டம் வெட்டியிருக்க மாட்டோம்.

மூன்றாம் இரவு அதில் இறங்கினாள்.
ஓடவில்லை.
பூச்சந்தைக்குப் போகிறவள் போல நடந்தாள்.

திங்கட்கிழமை,
பாக்கி வாங்கத் திரும்பி வந்தேன்.
மாலை ஆறு நாற்பது,
ஆலைப் பேருந்து நிற்கும் இடத்தில் அவள்.
தலையை வலைக்குள் அடக்கினால்தான்
உள்ளே விடுவார்கள்.
வலை கையில் இருந்தது.
வழக்கு நவம்பருக்குத் தள்ளிப் போயிருக்கிறதாம்.

"முடியலையா இன்னும்?" என்றேன்.
வழக்கைத்தான் கேட்டேன்.
கூந்தலைத் தொட்டுப் பார்த்து
"இல்லை" என்றாள்.
பேருந்து வந்தது.